கடைசி அறையின் ரேடியேட்டர்: பழுதுநீக்கும் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டில் அறைகளைச் சூடாக்க, பாய்லரில் சூடேறும் வெந்நீர் ஓடும் 9 ரேடியேட்டர்கள் இருக்கின்றன. பாய்லர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து குழாய் செல்லும் வழியில் கடைசியாக வருவது மாடியின் கோடியில் உள்ள படுக்கையறை ரேடியேட்டர். இரண்டு குளிர்காலங்களாக அது மட்டும் சரியாகச் சூடேறவில்லை. கூடத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரும் அளவுக்கு வெப்பம் இருக்கும் நேரத்திலும், அந்த அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் புத்தகம் படிக்க முடிந்தது. இதைச் சரிசெய்ய அடுத்தடுத்து இரண்டு சேவைகளை அழைத்தேன். நான் மதிப்பிட வந்தது இரண்டாவது சேவையைத்தான் என்றாலும், முதலாவதில் நடந்ததைச் சொல்லாமல் இரண்டாவதின் அருமையை விளக்க முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் வந்தவர்கள் அறைக்குள் நுழைந்து ரேடியேட்டரின் அடிப்பகுதியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். அடிப்பகுதி குளிர்ந்திருந்தது. உடனே, உள்ளே கசடு படிந்திருக்கிறது, பவர் ஃப்ளஷ் செய்தால்தான் தீரும் என்று சொல்லிவிட்டார்கள். வேகமாக நீரைச் செலுத்திக் குழாய்களையும் ரேடியேட்டர்களையும் கழுவும் அந்த வேலைக்கு ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் ஆனது. கறுத்த நீர் வெளியேறுவதை எனக்குக் காட்டினார்கள், நானும் நம்பினேன். மறுநாள் காலையில் பாய்லரை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது அந்த ரேடியேட்டர் முன்பு இருந்தபடியேதான் இருந்தது.

அந்தக் கறுத்த நீரைப் பற்றி இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். எஃகு ரேடியேட்டர்களும் நீரும் பல ஆண்டுகள் சேர்ந்திருக்கும் எந்த அமைப்பிலும் ஓரளவு மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடு உண்டாகிவிடும். ஆகவே நீர் கறுப்பாக வருவதை மட்டும் வைத்து ஓர் அறை குளிர்ந்திருப்பதற்குக் காரணம் கசடுதான் என்று முடிவு செய்துவிட முடியாது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் ஒரே ஒரு தொடுதலில் நோயை முடிவு செய்துகொண்டு, அதற்குரிய மிகப் பெரிய சிகிச்சையைச் செய்துவிட்டுப் போனார்கள். போகும்போது அந்த ரேடியேட்டர் சூடேறுகிறதா என்று நின்று பார்க்கவும் இல்லை.

இரண்டாவது சேவையிடம் தொலைபேசியில் பேசியபோதே வேறுபாடு தெரிந்தது. வருவதற்கு நாள் குறிப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டார்கள். எல்லா ரேடியேட்டர்களும் இப்படியா, ஒன்று மட்டுமா? குளிர்ந்திருப்பது மேற்பகுதியா, அடிப்பகுதியா, முழுவதுமா? அடியில் இரு பக்கமும் உள்ள குழாய்களில் எது சூடாக இருக்கிறது, எது குளிர்ந்திருக்கிறது? பாய்லர் ஓடாமல் ஆறியிருக்கும்போது அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது? இவற்றுக்குப் பதில் சொல்ல நான் வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த அறையில் குளிர்ந்து கிடந்தும், இப்படி ஒழுங்காக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்த நான்கு கேள்விகளுக்குள் பழுதின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. மேற்பகுதி குளிர்ந்து அடிப்பகுதி சூடாக இருந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். காற்று இருக்கும் இடத்துக்கு நீர் ஏற முடியாது. ஒரு ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்து மற்றவை நன்றாக இருந்தால், அதன் வால்வு மூடியிருக்கிறது அல்லது இறுகிவிட்டது. எல்லாமே மந்தமாக இருந்தால் பாய்லர், பம்ப், அழுத்தம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருப்பதுதான் குழப்பம் தருவது, ஏனென்றால் அதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. கசடு படிந்தால் பெரும்பாலும் அடியில் நடுப்பகுதியில் ஒரு திட்டுப் போலக் குளிர்ச்சி தெரியும். அதைச் சுற்றிய பகுதிகளில் சூடு இருக்கும். மாறாக, போதுமான நீர் ஓடாத ரேடியேட்டரில், வந்த சிறிதளவு வெந்நீர் மேலே ஏறிப் பரவி, கீழே இறங்குவதற்குள் தன் வெப்பத்தை எல்லாம் இழந்துவிடுகிறது. அதனால் மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குளிர்ச்சி கூடி, வெளியேறும் குழாய் ஏறக்குறைய அறையின் வெப்பநிலைக்கே வந்துவிடும். எங்கள் ரேடியேட்டரில் இருந்தது இந்த இரண்டாவது வகை. கழுவுவதற்கு முன்பும் பின்பும் அப்படியே இருந்தது. வெளியேறும் குழாயை முதலில் வந்தவர்கள் தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு பகல் வேலை மிஞ்சியிருக்கும்.

குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒருவர் மட்டும் வந்தார். ரேடியேட்டர் இருக்கும் அறைக்குப் போகாமல் முதலில் பாய்லரிடம் போனார். அழுத்தமானி 0.8 பார் காட்டியது. மூடிய சுற்றாக அமைந்த வீட்டு அமைப்புகளில் ஆறிய நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும் என்று சொல்லி, நிரப்பும் குழாயைத் திறந்து 1.3 வரை ஏற்றினார். பிறகு ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றை வெளியேற்றினார். பாய்லரை முன்கூட்டியே நிறுத்தி ஆறவைக்கும்படி தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார்கள். காரணத்தை இவர் விளக்கினார். ஓடும்போது திறந்தால் வெந்நீர் கையில் தெறிக்கும் என்பது ஒன்று. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் சில இடங்களில் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படலாம் என்பது மற்றொன்று. மேல் மூலையில் உள்ள சிறிய திருகைச் சதுரத் துளைச் சாவியால் கால் சுற்று மட்டும் இடப்பக்கம் திருப்பி, அடியில் ஒரு துணியைப் பிடித்து, சீறல் நின்று நீர் தொடர்ச்சியாக வந்ததும் மூடினார். இதைச் செய்ய யாரையும் அழைக்க வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம் என்று சாவியை என்னிடம் கொடுத்துக் கடைசி இரண்டை என்னையே செய்யச் சொன்னார். முடிந்ததும் அழுத்தமானியை மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார், ஏனென்றால் காற்று போன அளவுக்கு அழுத்தமும் இறங்கும்.

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒன்றைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். சில வாரங்களுக்கு ஒருமுறை காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தால், அதைப் பராமரிப்பு என்று எண்ணிப் பழகிவிடக் கூடாது. அமைப்பில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது உள்ளே எஃகு அரித்துக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில் இரும்பு அரிக்கும்போது மேக்னடைட்டுடன் ஹைட்ரஜனும் உண்டாகிறது. ரேடியேட்டரின் உச்சியில் சேர்வது காற்றாக இல்லாமல் அந்த எரியக்கூடிய வாயுவாகவும் இருக்கலாம். ஆகவே அந்தத் திருகின் அருகே தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ இருக்கவே கூடாது. எங்கள் வீட்டில் மொத்தமாகவே மிகக் கொஞ்சம் காற்றுதான் வந்தது. எனவே அது காரணமில்லை என்று முடிவு செய்து அடுத்ததற்குப் போனார்.

அடுத்தது, அறையின் வெப்பத்தைப் பொறுத்து ரேடியேட்டருக்குள் வரும் நீரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு. எண்கள் பொறித்த தலைப்பகுதியைக் கழற்றியதும் உள்ளே ஒரு சிறிய உலோக ஊசி தெரிந்தது. அதை அழுத்தினால் உள்ளே போகவும், விட்டால் வில்லின் விசையில் சில மில்லிமீட்டர் மேலே எழவும் வேண்டும். எங்களுடையது பாதி உள்ளேயே இறுகி நின்றுவிட்டது. கோடை முழுவதும் வால்வை மூடி வைத்திருந்தீர்களா என்று கேட்டார், ஆம் என்றேன். மாதக்கணக்கில் அழுந்திய நிலையிலேயே இருக்கும் ஊசி ஒட்டிக்கொள்வது வழக்கமாம். வெப்பம் தேவைப்படாத மாதங்களில் தலைப்பகுதியை முழுவதும் திறந்தே வைக்கும்படி சொன்னார். இடுக்கியால் பிடித்து இழுக்காமல், ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் மெல்ல அழுத்தியும் பக்கவாட்டில் தட்டியும் சில நிமிடங்களில் அதை அசையவைத்தார். இழுத்தால் ஊசி முழுவதுமாகக் கழன்று வந்து நீர் பீறிடக்கூடும் என்பதால் அந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

இந்த வால்வைப் பற்றிப் பலரும் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணம் எனக்கும் இருந்தது. 5 என்ற எண்ணில் வைத்தால் அறை வேகமாகச் சூடேறும் என்று நினைத்திருந்தேன். 1943-ல் டான்ஃபாஸ் நிறுவனத்தின் நிறுவனரான மேட்ஸ் கிளாசன் உருவாக்கிய காலத்திலிருந்து இந்தக் கருவியின் அடிப்படை ஒன்றுதான்: தலைப்பகுதிக்குள் இருக்கும் பொருள், மெழுகோ திரவமோ வாயுவோ, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தால் விரிந்து ஊசியை அழுத்தி நீரைக் குறைக்கிறது. எண் என்பது எந்த வெப்பநிலையில் அது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. 3 என்பது பெரும்பாலான வால்வுகளில் 20 டிகிரியை ஒட்டியது. அதன் மேல் திரைச்சீலை தொங்கினால், திரைக்குப் பின்னே அடைபட்ட சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு முன்னதாகவே மூடிவிடும். எங்கள் திரைச்சீலை சரியாக அந்த இடத்தில்தான் தொங்கியது. அன்று மாலையே அதன் நீளத்தைக் குறைத்துத் தைத்துவிட்டோம்.

ஊசி விடுபட்ட பிறகு பாய்லரை ஓடவிட்டு, மற்ற 8 ரேடியேட்டர்களையும் சற்று நேரம் மூடச் சொன்னார். 15 நிமிடங்களுக்குள் கடைசி அறை ரேடியேட்டர் அடி முதல் நுனி வரை சூடேறியது. அந்த ரேடியேட்டர் அப்படி முழுவதும் சூடாக இருந்ததை நான் தொட்டது அதுவே முதல்முறை. உள்ளே அடைப்பு இருந்திருந்தால் மற்றவற்றை மூடிய பிறகும் அடியில் குளிர்ந்த திட்டு நின்றிருக்கும் என்றார். மற்றவற்றைத் திறந்ததும் இது மறுபடி மந்தமானது. ஆக, நீர் அந்த அறை வரை வரவே முடியாமல் இல்லை. வழியில் இருந்த மற்றவை அதை எடுத்துக்கொண்டன.

இதன் பிறகு நடந்த வேலைக்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நீர் எதிர்ப்புக் குறைந்த வழியில்தான் அதிகம் ஓடும். பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டருக்குக் குழாய் குறைவு, வளைவுகள் குறைவு. அதன் வால்வுகள் முழுவதும் திறந்திருந்தால் வெந்நீரின் பெரும்பங்கு அதன் வழியாகவே புகுந்து திரும்பிவிடும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும், மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கிறது. லாக்‌ஷீல்ட் என்று சொல்லப்படும் அந்த வால்வு தினமும் திருப்புவதற்கானது இல்லை. ஒருமுறை அளவு பார்த்து வைத்துவிட வேண்டியது. எங்கள் வீட்டில் 9 லாக்‌ஷீல்டுகளும் முழுவதும் திறந்திருந்தன. அமைப்பை நிறுவியவர்கள் இந்த வேலையைச் செய்யவே இல்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

அவர் குழாயில் கவ்வும் இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் நீர் உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் பொருத்தி அளந்தார். கையால் தொட்டு இவ்வளவு செய்துவிட்ட பிறகு இது எதற்கு என்று கேட்டேன். 50 டிகிரியையும் 60 டிகிரியையும் கை ஒரே மாதிரி ‘சூடு’ என்றுதான் சொல்லும் என்றார். அளவுகள் அதை உறுதிப்படுத்தின. பாய்லரை ஒட்டிய கூடத்து ரேடியேட்டரில் 60 டிகிரியில் நுழைந்த நீர் 56 டிகிரியில் வெளியேறியது. அதாவது வெப்பத்தைக் கொடுக்க நேரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அறையில் 52-ல் நுழைந்து 31-ல் வெளியேறியது. இந்த வேறுபாடுகள் எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று நெருங்கி வர வேண்டும். இதைத்தான் சமன் செய்தல் என்கிறார்கள். பழைய பாய்லர்களில் 11 டிகிரி அளவு போதும் என்று கொள்வார்கள், புகையில் வீணாகும் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லர்களில் 20 டிகிரி வரை வைக்கலாம்.

கூடத்து லாக்‌ஷீல்டை முழுவதும் மூடி, பின்பு கால் சுற்று மட்டும் திறந்தார். இந்த வால்வுகளில் முதல் ஒரு சுற்றுக்குள்தான் ஏறக்குறைய எல்லாம் நடக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு திறந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஒன்றைக் குறைத்தால் மற்ற எட்டிலும் அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் பத்து நிமிடமாவது காத்திருந்து மறுபடி அளந்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் இப்படியே போனது. அவசரப்படாமல், பேசிக்கொண்டே, ஒரு தாளில் எண்களைக் குறித்துக்கொண்டே செய்தார். இறுதியில் கடைசி அறையில் 59-ல் நுழைந்து 43-ல் வெளியேறியது. மற்றவையும் 15-க்கும் 19-க்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்கு வந்திருந்தன. திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இயற்கை எரிவாயுவில் ஓடும் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்க முடியும் என்பதால், கடைசி அறைக்காகச் செய்த இந்த வேலை பாய்லருக்கும் நன்மையாக முடிந்தது.

அந்த ரேடியேட்டருக்கு உண்மையில் எவ்வளவு நீர் தேவை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறத்தாழ 800 வாட் வெப்பத்தை, 16 டிகிரி வேறுபாட்டில் கொடுக்க, நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் போதும். ஒரு குவளையை மெதுவாக ஊற்றும் அளவு அது. அவ்வளவு சிறிய ஓட்டம் போய்ச் சேராததால்தான் இரண்டு குளிர்காலங்கள் கழிந்திருக்கின்றன.

குறைகளும் இருந்தன. முதலாவது, இறுகியிருந்த ஊசியை விடுவித்ததோடு நிறுத்தியிருக்கக் கூடாது. மூன்று வாரங்களில் அது மறுபடி ஒட்டிக்கொண்டது. திரும்ப அழைத்தபோது மறுப்பேதும் சொல்லாமல் வந்து, கட்டணமின்றி வால்வின் உட்பகுதியை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அத்தகைய ஊசி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளிலேயே மாற்றிவிடலாமா என்று என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டாவது, முன்பு கழுவிய பின் நீரில் துருத்தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டதா என்பதை நானாகக் கேட்கும் வரை சோதிக்கவில்லை. சோதித்தபோது போதிய அளவு இல்லை. வெறும் புது நீரால் நிரப்பிய அமைப்பில் அரிப்பு மறுபடி தொடங்கிவிடும் என்பதால், இதைக் கேள்விப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்கும்படி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, ரேடியேட்டரின் அளவைப் பற்றி அவர் கடைசியில்தான் பேசினார். அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். விற்கும்போது ரேடியேட்டரின் மேல் குறிப்பிடும் வெப்ப அளவு, இஎன் 442 என்னும் ஐரோப்பியத் தரநிலையின்படி, நீர் 75 டிகிரியில் நுழைந்து 65-ல் வெளியேறி, அறை 20 டிகிரியில் இருக்கும் நிலைக்கு உரியது. நாங்கள் பாய்லரை 60 டிகிரியில் ஓட்டுவதால் அந்த அளவில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். 1500 வாட் என்று எழுதியிருக்கும் ரேடியேட்டர் 800 வாட்டைச் சற்றே தாண்டும். எங்கள் அறை சிறியது என்பதால் அது போதுமாக இருக்கிறது. பெரிய அறையாக இருந்திருந்தால், எல்லாம் சரியாகச் சமன் செய்த பிறகும் குளிர் விட்டுப்போயிருக்காது. ரேடியேட்டரையே பெரிதாக மாற்ற வேண்டியிருந்திருக்கும். பாய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்துத் தரும் வெப்பப் பம்புக்கு மாற நினைப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே நீரின் வெப்பநிலை இன்னும் குறைவு.

நியாயமாகப் பார்த்தால் முதல் சேவையின் வேலை முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. நீர் இப்போது தூய்மையாக இருக்கிறது. ஆனால் நான் அழைத்தது அதற்கு இல்லை. இரண்டாவது சேவையை, மேலே சொன்ன குறைகளோடு சேர்த்தே, தயக்கமில்லாமல் பரிந்துரைக்கத் தக்கது என்று மதிப்பிடுகிறேன். இப்படிப்பட்ட சேவையைத் தேடுபவர்கள் முன்பதிவு செய்யும்போதே இரண்டைக் கேட்கலாம்: சமன் செய்யும் வேலையைக் குழாய் வெப்பமானி வைத்து அளந்து செய்வீர்களா, முடிந்ததும் ஒவ்வொரு வால்வும் எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பீர்களா? இரண்டாவதற்கு எங்களவரும் நான் கேட்ட பிறகுதான் இசைந்தார். காற்றை வெளியேற்றுவதும், அழுத்தம் பார்ப்பதும், திரைச்சீலையை விலக்குவதும் நம் கையில் இருப்பவை. பாய்லரின் மூடியைத் திறக்க வேண்டிய எந்த வேலையும் உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. ஒற்றைக் குழாயில் நீராவி ஓடும் பழைய அமைப்பு உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன வால்வுக் கணக்குகள் பொருந்தாது; அங்கே வால்வு முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோதான் இருக்க வேண்டும்.

அந்தத் தாள் இப்போது பாய்லர் இருக்கும் அலமாரியின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது: கூடம் கால் சுற்று, சமையலறை அரைச் சுற்று என்று தொடங்கிக் கடைசி அறை முழுவதும் திறப்பு என்று முடிகிறது. சென்ற மாதம் சுவருக்கு வண்ணம் பூசுவதற்காகக் கூடத்து ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. லாக்‌ஷீல்டை மூடும்போது சுற்றுகளை எண்ணினோம். கால் சுற்றுதான் வந்தது. திரும்பப் பொருத்தியதும் அதே கால் சுற்றுத் திறந்து, காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை மறுபடி 1.3-க்கு ஏற்றினோம். அன்று இரவு கடைசி அறையில் தெர்மோஸ்டாட் 3-ல் இருந்தது. மேசை மேல் இருந்த வெப்பமானி 20 டிகிரி காட்டியது.